கடைசி மூன்று புள்ளிகள்

செப்டம்பர் 3, செவ்வாய்

தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். அவர் அறைக்கு நான் போவது வருஷத்தில் இரண்டு தடவை. இரண்டும் நல்லதுக்கு இருந்ததில்லை.

கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ஒரு பிரிவு மட்டும் இந்த வருஷம் புத்தகத்திலுள்ள பன்னிரண்டு செய்முறைகளைச் செய்ய வேண்டாமாம். அதற்குப் பதில் பிள்ளைகளே ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து, அவர்களே ஆய்வு செய்ய வேண்டுமாம். விடை முன்கூட்டியே தெரிந்த கேள்வியாக இருக்கக் கூடாதாம். நூறில் இருபது மதிப்பெண் இதற்கு. அக்டோபர் கடைசியில் ஆய்வாளர் ஒருவர் வந்து பார்ப்பார். ஒழுங்காக நடக்கவில்லை என்று அவருக்குப் பட்டால், வகுப்பு முழுவதுக்கும் அந்த இருபதும் சுழி.

"உங்க ஏ பிரிவை எழுதிக் கொடுத்துட்டேன் டீச்சர். உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கு" என்றார் சார். கேட்டுவிட்டு எழுதவில்லை. எழுதிவிட்டுச் சொன்னார்.

அனுபவம்! இருபத்து மூன்று வருஷமாக அதே பன்னிரண்டு செய்முறை. தனி ஊசலில் புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு வர வேண்டும். வராவிட்டால் வர வைப்போம். ஆய்வக உதவியாளர் அண்ணன் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார், பன்னிரண்டுக்கும் வர வேண்டிய விடை அதில் இருக்கிறது. பிள்ளைகள் அந்த விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதுவார்கள். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. படிக்கிற காலத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன்.

விடை தெரியாத கேள்வியை நான் எப்படி நடத்துவேன்? இருபத்தெட்டுப் பிள்ளைகள். இருபத்தெட்டு இருபது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்: "விடு, பாத்துக்கலாம்." யார் பார்த்துக்கொள்வது?

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் அறையில் பி பிரிவு சார் எல்லார் முன்னாலும் கேட்டார், உங்க பசங்க ஏதாவது புதுசா கண்டுபிடிச்சாச்சா என்று. சிரித்து வைத்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

இன்றுதான் வகுப்பில் சொன்னேன். "உங்களுக்கு உண்மையிலேயே தெரியாத ஒண்ணைக் கேளுங்க." யார் முகத்திலும் ஈயாடவில்லை. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "விடை எந்தப் பக்கத்துல இருக்கும் மிஸ்?" என்று கேட்டான். விடை இல்லை என்றேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி விழித்தான். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அரை மணி கழித்து ஆரம்பித்தார்கள், நிறுத்த முடியவில்லை. வெயிலில் கிடந்த பந்து அதிகமாகத் துள்ளுமா? மின்விசிறி இறக்கையின் ஒரு ஓரத்தில் மட்டும் ஏன் தூசி? ஈரத்துணி மடிப்பில் மட்டும் ஏன் காயாமல் கிடக்கிறது? காலி டப்பாவைத் தட்டினால் ஒரு சத்தம், பாதி நிரம்பினால் வேறு சத்தம், எவ்வளவு வேறு? பலகையில் எழுதிக்கொண்டே போனேன். பதினேழு கேள்வி. ஒன்றுக்கும் எனக்கு உறுதியாக விடை தெரியாது. முதுகலைப் பட்டம், இருபத்து மூன்று வருஷம், தூசிக்கு விடை தெரியாது.

மணி அடித்ததும் கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நின்றேன். சாக்குக்கட்டித் தூள் போகக் கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

ஒன்பது குழு ஆகிவிட்டது. எட்டுக் குழுவின் கேள்வி எனக்கு இருட்டு. ஒன்பதாவது வந்தபோதுதான் மூச்சு விட்டேன்.

மூன்று பெண்கள். அதில் தலைவி மாதிரி இருப்பவளை வகுப்பில் தராசு என்றுதான் கூப்பிடுகிறார்கள். யார் என்ன சொன்னாலும் ஒரு கணம் நிறுத்தி எடை போட்டுவிட்டுத்தான் பதில் சொல்வாள். அவள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சின்ன ஓட்டையாம். அடைப்பதற்குள் எவ்வளவு தண்ணீர் போகும் என்று அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டுக்கொண்டார்களாம். அதனால் கேள்வி: அடியில் ஓட்டை போட்ட பாட்டில் எவ்வளவு நேரத்தில் காலியாகும்?

இது எனக்குத் தெரியும்! நீர்மட்டத்தின் வர்க்கமூலத்தை நேரத்துக்கு எதிரே வரைந்தால் ஒரு நேர்கோடு சரிந்து இறங்கும். கல்லூரியில் படித்தது. விடை தெரிந்த கேள்வி கூடாது என்று சுற்றறிக்கை சொல்கிறது. பிள்ளைகளுக்குத்தானே தெரியக் கூடாது, எனக்குத் தெரிந்தால் என்ன? ஒன்பதில் ஒன்றிலாவது கால் ஊன்ற இடம் வேண்டும். சரி என்றேன்.

தராசு கிளம்பும்போது கேட்டாள், "இதுல தப்பா வந்தா மார்க் போயிடுமா மிஸ்?" அறிவியல் கல்லூரியில் இடம் கிடைக்க இயற்பியலில் தொண்ணூறு வேண்டும் என்று இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். போகாது என்று சொன்னேன். எந்த தைரியத்தில் சொன்னேன்?

செப்டம்பர் 20, வெள்ளி

பந்துக் குழு ஜன்னல் கண்ணாடி ஒன்றை உடைத்தது. டப்பாக் குழுவின் சத்தம் தாங்காமல் பக்கத்து வகுப்பிலிருந்து இரண்டு முறை ஆள் வந்தது. ஆய்வகத் தரை முழுக்கத் தண்ணீர். உதவியாளர் அண்ணன் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "டீச்சர், பழைய பன்னிரண்டே நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். இருந்துச்சு அண்ணே, இருந்துச்சு.

மதியம் ஒரு பையனின் அப்பா வந்தார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பிள்ளை வீட்டில் மின்விசிறியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பாடம் எப்போது நடத்துவீர்கள் என்று கேட்டார். நடத்திவிடுவோம் என்றேன். அலைகள் பாடம் இன்னும் தொடவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

கனவில் பரீட்சை எழுதுகிறேன். வினாத்தாளில் ஒன்றும் இல்லை, வெள்ளை. எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 16, புதன்

ஆய்வாளர் வரும் தேதி வந்துவிட்டது. இருபத்து நான்காம் தேதி, வியாழக்கிழமை. ஒரு அம்மாவாம். கறாரானவர் என்று தலைமையாசிரியர் சார் சொன்னார், சொல்லிவிட்டு என்னை ஆறுதலாக வேறு பார்த்தார்.

மற்ற எட்டுக் குழுவும் எப்படியோ ஓடுகின்றன. விடை என்ன என்று தெரியாததால் அவர்களைத் திருத்தவும் எனக்கு வழி இல்லை. எனக்குத் தெரிந்த அந்த ஒன்றில்தான் சிக்கல். பாட்டில் குழு பெரிய அட்டையில் வரைபடம் போட்டுவிட்டது. பதினேழு புள்ளிகள் நூல் பிடித்தது போல் நேர்கோட்டில் வருகின்றன. கடைசி மூன்று, பாட்டிலில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வரும்போது எடுத்தவை, கோட்டை விட்டு விலகி மேலே நிற்கின்றன. கணக்குப்படி தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை.

மறுபடி அளக்கச் சொன்னேன். அளந்தார்கள். அதே இடம். ஓட்டையைச் சுத்தம் செய்து அளக்கச் சொன்னேன். அதே இடம். நான்கு தடவை. கடைசியில் தண்ணி சொட்டுச் சொட்டா விழுது மிஸ் என்றாள் தராசு. நேரம் பார்ப்பதில் கை தவறியிருக்கும் என்றேன். அவள் ஒரு கணம் நிறுத்தினாள். நான்கு தடவையும் ஒரே மாதிரியா கை தவறும் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 22, செவ்வாய்

எழுதத்தான் வேண்டுமா இதை? எழுதாவிட்டால் மட்டும் நடக்காமல் போய்விடுமா.

மதியம் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில். ஆய்வகத்தில் நான் மட்டும். நாளை மறுநாள் அந்த அம்மா வருவார், அட்டையைப் பார்ப்பார், இது என்ன என்று அந்த மூன்று புள்ளிகளைக் காட்டிக் கேட்பார். என்னிடம் பதில் இல்லை. ஆசிரியைக்கே தெரியவில்லை, ஒழுங்காக நடக்கவில்லை என்று எழுதுவார். இருபத்தெட்டுப் பேருக்கும் சுழி. அந்த அப்பா மறுபடி வருவார், குரலை உயர்த்தாமல். இதையே நினைத்துக்கொண்டு நின்றேன், ரப்பர் கையில் இருந்தது.

அழித்தேன். மூன்றையும். அவர்கள் பென்சிலில்தான் வைத்திருந்தார்கள். கோட்டில் மூன்று புதுப் புள்ளி வைத்தேன். அச்சு அசலாகக் கோட்டின் மேலேயே வைத்தால் சந்தேகம் வரும் என்று ஒன்றைக் கொஞ்சம் மேலே, ஒன்றைக் கொஞ்சம் கீழே. அந்த அளவுக்குக் கைதேர்ந்தவள் நான். ரப்பர் துகளை ஊதிவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பிறகுதான் பயமே வந்தது.

அக்டோபர் 23, புதன்

காலையில் தராசு அட்டையின் முன்னால் வெகுநேரம் நின்றாள். நான் வெர்னியர் அளவுகோல் பெட்டியை அடுக்குவது போல அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி, "இதுல யாரோ கை வச்சிருக்காங்க மிஸ்" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "நான்தான்மா சரி பண்ணினேன். நாளைக்கு கேள்வி வரும்ல" என்றேன். என் குரல் எனக்கே அன்பாகக் கேட்டது, அதுதான் சகிக்கவில்லை.

அவள் எடை போட்டாள். இவ்வளவு நேரம் அவள் எடுத்து நான் பார்த்ததில்லை. அப்புறம், "சரி மிஸ்."

அவ்வளவுதான். சரி மிஸ். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாலை, வீடு வந்த பிறகு: வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். முதல் முறையாக விடு என்று சொல்லவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 24, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே எனக்குச் சாதகமாக மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

ஆய்வாளர் அம்மா ஒன்பதரைக்கு வந்தார். குள்ளம், கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, நிதானமான நடை. சார் பின்னாலேயே. குழு குழுவாகப் போய் நின்றார். பந்துக் குழு கண்ணாடி உடைத்ததையும் சேர்த்துச் சொன்னது, சிரித்தார். மின்விசிறிப் பையன் எங்களுக்கு இன்னும் புரியலை மேடம் என்று ஒப்புக்கொண்டான். நான் செத்தேன் என்று நினைத்தேன், அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கடைசியாகப் பாட்டில் குழு. மேஜையில் அட்டை, பக்கத்தில் அவர்களுடைய நோட்டு. புது நோட்டு. நேற்றுவரை தண்ணீர் பட்டு ஊதிப்போன ஒரு நோட்டுதான் இருந்தது. திறந்து பார்த்தேன். அழகான கையெழுத்து, அட்டவணை, இருபது ரீடிங். கடைசி மூன்று ரீடிங்கும் நான் வைத்த புள்ளிகளோடு கச்சிதமாகப் பொருந்தின. அவள் நேற்று வீட்டில் உட்கார்ந்து என் பொய்ப் புள்ளிகளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் உண்டாக்கியிருக்கிறாள். மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

எனக்காக. இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

ஆய்வாளர் அம்மா அட்டையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "கடைசியில தண்ணி சொட்ட ஆரம்பிச்சிருக்குமே. எப்படிம்மா அளந்தீங்க?" என்று கேட்டார். அதட்டலே இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டது போலத்தான் இருந்தது.

தராசு நிறுத்தவில்லை. எடை போடவில்லை. "மூணு தடவை அளந்து சராசரி எடுத்தோம் மேடம்" என்றாள். கண்கூட இமைக்கவில்லை. எவ்வளவு நன்றாகப் பொய் சொன்னாள்! இரண்டு மாதமாக அந்தப் பெண்ணுக்கு நான் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தது இது ஒன்றைத்தான்.

அட்டையில் அந்த மூன்று புள்ளிகளின் மேல் விரலை வைத்தேன். "மேடம், அந்த மூணு புள்ளியும் நான் வச்சது. பிள்ளைங்க வச்சதை நான் அழிச்சேன்."

சார் பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தார். ஆய்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார், மாட்டிக்கொண்டார். பழைய நோட்டு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. தராசின் பையில், ஊதிப்போனபடியே. தூக்கி எறிய அவளுக்கு மனசு வரவில்லை போல.

இப்போதே ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்றார் அந்த அம்மா. பதினாலு நிமிஷம். பாட்டிலைச் சுற்றி நாங்கள் எல்லாரும் நின்றோம். தண்ணீர் நூலாக வந்தது, மெலிந்தது, பிறகு அறுந்து சொட்டானது. மூன்று புள்ளியும் மேலேயே வந்து நின்றன, அவர்கள் முதலில் வைத்த அதே இடத்தில். ஏன் என்று அந்த அம்மா தராசைக் கேட்டார். தெரியலை என்றாள், அழுகிற குரலில். என்னைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியாது மேடம்."

எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று தெரியாது. டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அக்டோபர் 25, வெள்ளி

வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன், என்ன செய்தேன் என்று. நின்றுகொண்டு ஆரம்பித்தேன், பாதியில் உட்கார வேண்டியதாகிவிட்டது. தராசு முழு நேரமும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் என்னோடு பேசுவதில்லை. இருபத்தெட்டுப் பேரின் மார்க் என் வாயால் போகப் போகிறது. போகட்டும்னு சொல்ல முடியுமா? என் மார்க்கா அது?

அக்டோபர் 30, புதன்

தபால் வரவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப் போடுகிறது.

நவம்பர் 4, திங்கள்

வந்துவிட்டது. சார் நீட்டினார், எழுத்து ஓடவில்லை, ஜன்னல் பக்கம் போய்ப் படித்தேன்.

வகுப்பு தப்பித்தது. ஆய்வு ஒழுங்காக நடந்திருக்கிறது என்றே எழுதியிருக்கிறார். எட்டுக் குழுவுக்குப் பதினாலிலிருந்து பத்தொன்பது வரை. இன்னும் புரியலை என்ற மின்விசிறிக் குழுவுக்குப் பதினெட்டு. என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு தனித் தாள், ஒரு வாரத்துக்குள் பதில் எழுத வேண்டும்.

பாட்டில் குழுவுக்குப் பன்னிரண்டு. அளக்காத ரீடிங்கை அளந்ததாகத் தங்கள் கையால் எழுதிக் கையெழுத்திட்டதற்காக எட்டுக் குறைக்கப்பட்டது என்று காரணம் போட்டிருக்கிறார்.

என் தப்புக்கு அவர்கள் ஏன்? அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கெஞ்சினேன். எனக்காகத்தான், என்னைப் பார்த்துத்தான் என்றேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "உங்க தப்பு உங்க தாள்ல இருக்கு டீச்சர். அவங்க எழுதினது அவங்க நோட்டுல இருக்கு" என்றார்.

தராசிடம் நானே சொன்னேன். அவள் கணக்குப் போட்டாள். "எட்டுப் போச்சு. தொண்ணூறுக்கு இனிமே ரெண்டுதான் விடலாம் மிஸ்." கோபமாகவே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள். மன்னித்தாளா என்று அதிலிருந்து தெரியவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

விளக்கக் கடிதம் எழுதி முடித்தேன். ஏழு வரைவு. ஆறில் காரணங்கள் இருந்தன. ஏழாவதில் என்ன செய்தேன் என்பது மட்டும் இருக்கிறது. அதைத்தான் அனுப்பினேன்.

அடுத்த வருஷம் எனக்குப் பதினொன்று கிடையாது, ஒன்பதாம் வகுப்பு என்று சார் ஜாடையாகச் சொன்னார்.

நவம்பர் 13, புதன்

நேற்று கடைசிப் பாடவேளையில் அலைகள் பாடம் முடிந்ததும் மூவரும் ஆய்வக வாசலில் வந்து நின்றார்கள். பாட்டில் வேண்டுமாம். பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார்கள். வெறும் தண்ணீருக்குப் பதில் சோப்புத் தண்ணீர் விட்டால் அந்தக் கடைசி மூன்று புள்ளி எங்கே வரும் என்று பார்க்க வேண்டுமாம். யோசனை மூவரில் யாருடையது என்று கேட்டேன், ஆளுக்கு ஆள் கை காட்டினார்கள்.

"இதுக்கு இனிமே மார்க் இல்லையேம்மா."

"தெரியும் மிஸ்" என்றாள் தராசு.

ஏன் அப்படி ஆகிறது என்று இப்போது எனக்கு ஓரளவு தெரியும். இந்த இரண்டு வாரத்தில் தேடிப் படித்தேன், தண்ணீரின் பரப்பு இழுவிசை ஓட்டை வாயில் பிடித்து நிறுத்துகிறது போலிருக்கிறது. சோப்பு அதைக் குறைக்கும். ஆனால் இந்தப் பாட்டிலில், இந்த ஓட்டையில் எவ்வளவு குறைக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லவில்லை. நான் படித்தது தப்பாக இருந்தால்?

பாட்டிலை நிரப்பினார்கள். பழக்க தோஷத்தில் நோட்டை என் பக்கம் இழுத்துப் பென்சிலை எடுத்தேன். தராசு பென்சிலை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நோட்டைத் தன் பக்கம் நகர்த்தினாள். முகத்தில் கோபம் இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை.

"நீங்க நேரம் மட்டும் பாருங்க மிஸ். நான் எழுதிக்கறேன்."

நான் நேரம் மட்டும் பார்த்தேன்.